மரியதாஸ் சொல்லாமல் விட்ட ஓட்டை

மரியதாஸ் இறந்துவிட்டார் என்ற செய்தி நம் பீர் ஆலைக்கு ஒடுகத்தூர் பஸ்ஸில் வந்தது. கண்டக்டர் இறங்கி வந்து கேட் வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போனார். காலை டீ வருவதற்குள் ஆலை முழுக்கப் பரவிவிட்டது. அப்போது முதலில் என்ன நடந்தது என்பது அன்று வேலையில் இருந்த உங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் அழவில்லை. பாட்டில் ஹாலிலும் பாய்லர் பக்கத்திலும் இருந்தவர்கள் ஓடிப்போய், திறந்து கிடந்த குழாய்களையெல்லாம் மூடினார்கள்.

காரணம் உண்டு. ஒருமுறை அக்கா மகள் கல்யாணம் என்று சொல்லி வேலூருக்கு லீவு போட்டவர், மறுநாள் காலையில் பாய்லருக்குப் பின்னால் ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, யார் யார் குழாயைத் திறந்து போட்டுவிட்டுப் பீடி பிடிக்கப் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணம் நிஜம்தான். இவர்தான் போகவில்லை. அப்படிப்பட்ட மனிதர் செத்துவிட்டார் என்று யாரோ வந்து சொன்னால் எப்படி நம்புவது? ஸ்டோர் ரூமில் இருந்த நான்கூட எழுந்து போய் வாஷ்பேசின் குழாயை இறுக்கிவிட்டு வந்து, அதற்கப்புறம்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

இந்தச் சங்க மலரைப் படிக்கும் புதிய தொழிலாளர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு பாட்டில் பீருக்குள் போகிற தண்ணீர் கொஞ்சம்தான். அந்தப் பாட்டிலைக் கழுவ, கொதித்த மால்ட் சாற்றை ஆறவைக்க, தொட்டிகளை அலம்ப, தரையைக் கழுவிவிட என்று போகிற தண்ணீர் அதைப்போலப் பல மடங்கு. மால்ட் என்கிற முளைகட்டிய பார்லி வடக்கேயிருந்து ரயிலில் வந்து சேரும். தண்ணீர் மட்டும் ஜவ்வாது மலையிலிருந்து தானாக இறங்கி வந்தால்தான் உண்டு. ஓடை மணலில் நமக்கு இரண்டு கிணறுகள். அங்கிருந்து நிலங்களுக்கு ஊடாகப் பூமிக்கடியில் பைப் லைன், கடைசியில் நம் மேல்நிலைத் தொட்டி. இவை அத்தனைக்கும் காவல் மரியதாஸ். பதவியின் பெயர் தண்ணீர்ப் பிரிவு மேற்பார்வையாளர். செய்த வேலை சந்தேகப்படுவது.

கையில் எப்போதும் ஒரு இரும்புக் கம்பி வைத்திருப்பார். ஒரு முனையைக் குழாயின் மேல் வைத்து, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். உள்ளே தண்ணீர் ஓடுகிறதா, எங்கேயாவது கசிகிறதா என்பது அவருக்குக் கேட்டுவிடும். "இன்னாண்ணா சொல்லுது பைப்பு?" என்று பையன்கள் சீண்டுவார்கள். "உன் பேரைத்தான் சொல்லுது, மூடிட்டு வா" என்பார். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். "தண்ணி தானா காணாம போவாது. யாரோ கூப்ட்டாத்தான் போவும்" என்பது அவர் அடிக்கடி சொல்வது. இன்னொன்றும் சொல்வார்: "முதல்ல கிட்ட இருக்கறவன சந்தேகப்படு. தூரத்துல இருக்கறவன சந்தேகப்பட்டா நடக்கணும்." கிட்ட இருந்தவன் நான் என்பதால் இதில் எனக்கு நிறைய அனுபவம் உண்டு.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை. பம்ப்செட் நாள் முழுக்க ஓடியும், சாயந்திரம் மேல்நிலைத் தொட்டி பாதிகூட நிறையவில்லை. அப்போதிருந்த மேனேஜர் வெளியூர்க்காரர், கெட்டிக்காரர், யாரையும் நம்ப மாட்டார். அந்த ஒரு குணத்தில் அவரும் மரியதாஸும் அண்ணன் தம்பி மாதிரி. அவர் மரியதாஸைக் கூப்பிட்டுச் சொன்னார்: "பைப் லைன் உங்க ஊர் வழியாத்தான் வருது. உங்க ஆளுங்கதான் ஓட்டை போட்டு நிலத்துக்குப் பாய்ச்சறாங்க. திருட்டை நீங்க நிறுத்துங்க. இல்லைன்னா ஊத்துக்கு மேல புதுசா போர் போட்டுக்கறேன். எனக்கு வேற வழி இல்லை."

மலையடியில் இருக்கும் அந்த ஊற்றை நம்பித்தான் மரியதாஸின் ஊரே தண்ணீர் குடித்தது. ஊர்க் குடிநீர்க் கிணறு அதற்கு நேர் கீழே. மேலே நம் ஆலை ஆழமாக ஒரு துளை போட்டால் கீழே கிணற்றில் என்ன மிஞ்சும் என்பதற்கு இரும்புக் கம்பி வைத்துக் கேட்க வேண்டியதில்லை. மேனேஜர் வாயால் சொன்னதோடு விடவில்லை. அந்த வாரமே திருப்பத்தூரிலிருந்து போர் போடும் லாரி வந்து ஊற்றடியில் நின்றது. குடத்தோடு வந்த பெண்கள் அதைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் மொண்டார்கள். லாரிக்காரர்கள் அங்கேயே கல் கூட்டிச் சோறு பொங்கினார்கள்.

மரியதாஸ் லைனை நடந்து பார்க்கக் கிளம்பினார். அவர் சொந்தக்காரர்களை விட்டுக்கொடுக்க மாட்டார் என்பது மேனேஜரின் சந்தேகம், அதனால் என்னையும் உடன் அனுப்பினார். ஆலையில் எத்தனையோ பேர் இருக்க, உளவு பார்க்க ஸ்டோர் கிளார்க்கான என்னைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் என் வாய். எது தெரிந்தாலும் சாயந்திரத்துக்குள் வெளியே வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். நிலத்து வரப்பில் செருப்பு அறுந்து, வெயிலில் தொப்பை குலுங்க நான் பின்னால் ஓட, மரியதாஸ் திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: "உன்ன எதுக்கு அனுப்ச்சாருன்னு தெரியும். நல்லா பாத்துக்கினு வா. நானே எங்க ஊர்க்காரனுங்கள நம்பல."

மெய்யாகவே நம்பவில்லை. அவருடைய பெரியப்பா மகன் சின்னப்பன் நிலத்தில் வேர்க்கடலை கோடையிலும் பச்சைப் பசேல் என்று நின்றது. மரியதாஸ் நேராக அங்கே போய், லைன் மேல் மண்ணை வெட்டத் தொடங்கிவிட்டார். சின்னப்பன் ஓடி வந்தார்.

"இன்னாடா, எங்களயே திருடன்றியா?"

"திருடன்னு சொல்லலண்ணா. உன் மல்லாட்ட பச்சையா கீது. அதான் பாக்கறேன்."

"பச்சையா இருந்தா திருட்டா? நானும் எம்பொண்டாட்டியும் விடிஞ்சா எழுந்து கெணத்துல எறைக்கிறோம்டா. உங்கொப்பன் இருந்திருந்தா இப்டி வந்து தோண்டுவியா?"

"அவரு நெலமா இருந்தா அதையும் தோண்டுவேன்."

முழங்கால் ஆழம் வெட்டினார். பைப் காய்ந்த மண்ணுக்குள் சுத்தமாகக் கிடந்தது. தோண்டிய மண்ணைத் திரும்பத் தள்ளி, காலால் மிதித்துச் சமன் செய்துவிட்டு, "ஒண்ணுமில்லண்ணா" என்றார். சின்னப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார். அவர் மனைவி மட்டும், வெயிலில் வந்த மனுஷன் என்று இரக்கப்பட்டு, என் சட்டைப் பையில் ஒரு கை வேர்க்கடலையைப் போட்டார்.

லைனில் எங்கும் ஓட்டை இல்லை. மரியதாஸ் தன்னையே சந்தேகப்பட்டு, இன்னொரு தடவையும் என்னை நடக்க வைத்தார். பிறகு மேனேஜரிடம் போய், "லைன்ல ஓட்டை இல்ல சார். யாரும் திருடல" என்றார். மேனேஜர் என்னைப் பார்த்தார். "ஆமாம் சார், நானும் பார்த்தேன்" என்றேன். அவர் என் சட்டைப் பையைப் பார்த்தார். "உங்களுக்கு எவ்வளவு வேர்க்கடலை கொடுத்தாங்க?" என்று கேட்டார். என் சாட்சியின் கதை அதோடு முடிந்தது.

அன்று சாயந்திரம் பாட்டில் ஹாலில் மிஷின்கள் நின்றபின், ஹாலுக்குப் போகிற குழாயில் கம்பியை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார் மரியதாஸ். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது. "மிஷின் நின்னு போச்சு. ஆனா பைப்பு ஓடிக்கினே இருக்குது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஹாலின் பின்வாசலுக்குப் போனார். மனுஷன் ஏதோ கண்டுபிடித்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. நான் சும்மா இருப்பேனா? பாட்டில் கிரேட் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

உள்ளே பாட்டில் கழுவும் பெண்கள். ஊர் ஊராகப் போய்த் திரும்பி வந்த பழைய பாட்டில்களில் மிச்சம் மீதி பீர் புளித்துக் கிடக்கும். நாள் முழுக்க அது அவர்கள்மேல் தெறித்துக்கொண்டிருக்கும். ஷிப்ட் முடிந்து பஸ் வருவதற்குள், பெரிய ஹோஸ் பைப்புகளைத் திறந்துவிட்டு, கையையும் காலையும் தலையையும் புடவையையும் அலசிக்கொண்டிருந்தார்கள். வாசம் போனபாடில்லை. தண்ணீர் காலடியில் வெள்ளமாக ஓடிச் சாக்கடையில் விழுந்தது. ஒரு ஊரே குடிக்கிற தண்ணீர்.

மரியதாஸ் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு குரல் கொடுத்தார். "பச்சையம்மா, தண்ணிய நிறுத்தச் சொல்லும்மா."

பச்சையம்மாள் அந்தப் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. அமிர்தி பக்கத்துக் குக்கிராமம். இன்றைக்கும் வேலையில் இருக்கிறார், அவர் குரல் உங்களுக்குத் தெரியும். "நிறுத்திட்டு? இந்த நாத்தத்தோட பஸ்ஸு ஏறட்டா? நேத்து கண்டக்டர் இன்னா கேட்டான் தெரியுமாண்ணா? 'எத்தினி பாட்டில் ஆச்சு'ன்னான். எம்மாமியா வாசல்லயே நிறுத்தி மோந்து பாக்குது. மருந்து பாட்டில் கழுவற கம்பெனின்னு சொல்லி வெச்சிருக்கேன். பீரு நாத்தம்னு தெரிஞ்சா நாளையிலிருந்து வேலையும் இல்ல, வூடும் இல்ல. இவளுங்க பாதிப் பேரு கதையும் இதான்."

இது மரியதாஸுக்குத் தெரியாத கதையில்லை. அவர் மனைவி ரோசம்மாள் அண்ணியே அவரைத் தினமும் வாசலில் நிறுத்தி மோந்து பார்த்துத்தான் உள்ளே விடுவார். மாதா கோயிலில் வேண்டிக்கொண்டு, இந்த ஆலைக் காற்றுகூடத் தன்மேல் படக்கூடாது என்று இருந்தவர் அண்ணி. சம்பளத்தை மட்டும் வாங்கிக்கொள்வார்.

திரும்பி நடந்தவர் கிரேட் அடுக்குக்குப் பின்னால் என்னைப் பார்த்தார். "கேட்டியா?"

"கேட்டேண்ணா."

"சரி."

அவ்வளவுதான். வெளியே சொல்லாதே என்று அவர் சொல்லவில்லை. போய்விட்டார்.

மறுநாள் மேனேஜர் அறையில் அவர் பேசியது ஜன்னல் வழியாக என் காதில் விழுந்தது. ஜன்னலுக்குக் கீழே நான் எதற்கு நின்றேன் என்று கேட்காதீர்கள்.

"ஓட்டை கெடைச்சிடுச்சி சார். எங்கன்னு சொல்ல மாட்டேன். அடைச்சிடறேன். அதுவரைக்கும் போர் போடாதீங்க."

"யாரைக் காப்பாத்தறீங்க? சரி, கொஞ்ச நாள் பொறுத்துக்கறேன். லாரி அங்கேயே நிக்கும்."

மரியதாஸ் கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டார். ஓட்டை எங்கே என்று சொன்னால் மேனேஜர் அன்றைக்கே ஹோஸ் பைப்புக்குப் பூட்டுப் போட்டுவிடுவார். நாற்றத்தோடு வீட்டுக்குப் போக முடியாமல் அந்தப் பெண்கள் வேலையை விட்டு நிற்பார்கள். ஏன் என்ற கேள்வி அவர்கள் மாமியார்கள் வரைக்கும் போகும். சொல்லாவிட்டால் ஓட்டை சொந்தக்காரர் நிலத்தில் என்றுதான் அர்த்தமாகும். அப்படித்தான் ஆயிற்று. மேனேஜர் சொல்லி ஆபீஸ், ஆபீஸ் சொல்லி ஊர், கடைசியில் சின்னப்பன் வீட்டு வாசலில் அது இப்படி வந்து சேர்ந்தது: "மரியதாஸே ஒத்துக்கினாரு, நம்ம ஆளுங்கதான் திருடனாங்கன்னு."

மரியதாஸ் ஸ்டோருக்கு வந்து பைப்பும் குழாயும் செங்கல்லும் சிமெண்டும் கேட்டார். எதற்கென்றால், கை கழுவ என்றார். விஷயம் இதுதான். கொதித்த மால்ட் சாற்றை ஆறவைக்கும்போது சாறு குழாய்க்கு உள்ளே போகும், தண்ணீர் வெளியே சுற்றி ஓடும். இரண்டும் தொட்டுக்கொள்வதில்லை. சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு அந்தத் தண்ணீர் நல்ல வெந்நீராகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை மடக்கி, பாட்டில் ஹாலுக்குப் பின்னால் ஆள் உயரச் சுவர் எழுப்பி, உள்ளே வரிசையாகக் குழாய் வைத்தார். குளிர்ந்த தண்ணீரில் போகாத வாசம் வெந்நீரில் சீக்கிரம் போய்விடும். ஹோஸ் பைப்பைத் திறக்கத் தேவையே இருக்காது.

பெண்கள் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

"பீரு காய்ச்சற எடத்துலேர்ந்து வர தண்ணிதான அது?" என்றார் பச்சையம்மாள்.

"ரெண்டும் தொடாதும்மா. அது உள்ள, இது வெளிய."

"ஒரே வூட்ல இருந்துகினு தொட்டுக்கலன்னா எவ நம்புவா?"

இதற்கிடையில் வேறொரு பேச்சு கிளம்பியது. பெண்கள் குளிக்கிற இடத்தில் மரியதாஸுக்கு என்ன வேலை? சுவரை எதற்கு அவரே நின்று கட்டுகிறார்? நான் யாரிடமும் அந்தச் சாயந்திரக் கதையைச் சொல்லவில்லை. சுவரைப் பற்றி மட்டும் கேன்டீன்காரரிடம் சொன்னேன். அது ரோசம்மாள் அண்ணி காதுக்குப் போய்ச் சேர ஒரு நாள் போதுமாயிருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் அண்ணி குடையோடு ஆலை கேட்டில் நின்றார். அந்த வாசலை அவர் மிதித்தது அதுதான் முதல் தடவை. "எங்க வூட்டுக்காரரு பொம்பளைங்களுக்குக் குளிக்கிற எடம் கட்றாராமே. பாக்கணும்" என்றார். வாட்ச்மேன் வழி விட்டுவிட்டார். யாராக இருந்தாலும் விட்டிருப்பார்.

பாட்டில் ஹால் பெண்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். மரியதாஸ் தள்ளி நின்று, செங்கல் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். அண்ணி சுவரைச் சுற்றி வந்தார். செங்கல்லுக்குச் செங்கல் விரல் வைத்து, சந்து ஏதும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். வெளியே நின்று எக்கி, உள்ளே தெரிகிறதா என்று பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை என்றதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. பிறகு உள்ளே போய்க் குழாயைத் திறந்து, கையில் பிடித்து மோந்து பார்த்தார். அந்த மூக்கின் பெருமை ஒடுகத்தூர் வரை தெரியும். திரும்பவும் மோந்தார்.

"ஒண்ணும் வரல" என்றார்.

"ஒண்ணும் வரலன்னா நீயே ஒரு சொம்பு ஊத்திக்க யக்கா. அப்புறம் நாங்க ஊத்திக்கிறோம்" என்றார் பச்சையம்மாள்.

எனக்குத் தெரிந்து அண்ணி இந்த ஆலையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. கணவனை ஒரு பார்வை பார்த்தார். ஊற்றடியில் நிற்கும் லாரியைப் பற்றி மரியதாஸ் வீட்டில் பேசியிருப்பாரோ என்னவோ. அண்ணி குடையை மடக்கிப் பச்சையம்மாள் கையில் கொடுத்துவிட்டு, புடவையோடு உட்கார்ந்து தலையில் ஊற்றிக்கொண்டார்.

அதுவும் போதவில்லை. ஈர முடியில் என்ன தெரியும், காய்ந்தால்தானே வாசம் வரும் என்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் அண்ணிக்குப் பின்னால் உட்கார பாட்டில் ஹால் பெண்களுக்குள் போட்டி. கோயிலுக்கு வராத பச்சையம்மாள்கூட அன்று வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தார். சாமியார் பிரசங்கம் முடிகிற வரைக்கும் அத்தனை மூக்கும் அண்ணி தலைக்கு மேலேயே இருந்தது. அவர் முக்காட்டைக் கொஞ்சம் தளர்த்தியே வைத்திருந்தார். சாமியார், இன்றைக்குப் பெண்கள் பக்கம் பக்தி அதிகம் என்று சொன்னாராம்.

திங்கட்கிழமை சாயந்திரம் வெந்நீர்க் குழாய் அத்தனையும் ஓடின. ஹோஸ் பைப்புகள் சுவரில் மாட்டியபடியே இருந்தன. அந்த வாரக் கடைசியில் மேல்நிலைத் தொட்டி நிறைந்திருப்பதாக அளவுகோல் காட்டியது. மேனேஜர் நம்பவில்லை. அளவுகோல் கெட்டுவிட்டது என்றார். நேரில் பார்த்துவிட்டு வரச் சொல்லி அவர் தொட்டி மேல் ஏற்றியது யாரை? நடுங்கிக்கொண்டே ஏறிப் பார்த்தேன். தண்ணீர் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே அசைந்துகொண்டிருந்தது. மேலிருந்தே கத்திச் சொன்னேன். இறங்குவதற்குத்தான் ஆள் வர வேண்டியிருந்தது.

லாரி திருப்பத்தூர் திரும்பியது. ஊற்று தப்பியது. மேனேஜர், சொந்தக்காரர்கள் பயந்துபோய்த் திருட்டை நிறுத்திவிட்டார்கள் என்று நம்பிக்கொண்டே மாற்றலாகிப் போனார். ஊரும் தன்னைத் திருடன் என்று சொன்னவர் மரியதாஸ் என்றே நம்பியது. சின்னப்பன் தன் மகள் கல்யாணத்துக்கு அவரை அழைக்கவில்லை. மரியதாஸ் கோயிலுக்கு மட்டும் போய்க் கடைசியில் நின்று, தாலி கட்டியதும் சாப்பிடாமல் வந்துவிட்டார். "இப்பவாவது சொல்லிடுங்களேண்ணா" என்றேன். "சொன்னா, அப்ப தண்ணி எங்க போச்சுன்னு கேப்பான். இன்னா சொல்றது? பச்சையம்மா மாமியா இன்னும் உசுரோட கீது" என்றார்.

அடக்கத்தன்று சின்னப்பன் வந்திருந்தார். கல்லறைத் தோட்டத்துக்குள் வராமல் கேட்டுக்கு வெளியே நின்றார். நான் போய் நடந்ததை எல்லாம் சொன்னேன். என் மூஞ்சியையே பார்த்தார். "நீ சொன்னா எவன் நம்புவான்?" என்றார். நியாயமான கேள்வி. பச்சையம்மாளைக் கூப்பிட்டேன்.

"அவரு சொன்னதெல்லாம் நெசம்தான்" என்றார் பச்சையம்மாள். "எம்மாமியா போய்ச் சேர்ந்து ஒரு வருசம் ஆச்சு. இனி யாருக்குத் தெரிஞ்சா இன்னா."

சின்னப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் நெலத்த வெட்டிப் பாத்தானே. அப்புறம் மேனேஜர்கிட்ட இன்னான்னு சொன்னான்?"

"யாரும் திருடலன்னு சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றேன்.

"அத எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்க சும்மா இருந்திருப்பீங்களா?" என்றார் பச்சையம்மாள்.

சின்னப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். எல்லோரும் மண் போட்டு முடித்திருந்தார்கள். அவர் குனிந்து, ஒரு கை இல்லை, இரண்டு கையாலும் அள்ளிப் போட்டார். பிறகு, அன்றைக்குத் தன் நிலத்தில் மரியதாஸ் செய்ததுபோலவே, விளிம்பில் உதிர்ந்த மண்ணைக் காலால் தள்ளிச் சமன் செய்தார்.

இதையெல்லாம் எழுதலாமா என்று பச்சையம்மாளைக் கேட்டேன். "எழுது. எம்பேரப் போட்டே எழுது" என்றார்.

மரியதாஸின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. இரும்புக் கம்பியை அண்ணி வைத்துக்கொண்டார். எனக்கென்று இருப்பது கிரேட் அடுக்குக்குப் பின்னால் அவர் சொன்ன அந்த ஒரு "சரி"தான். பிறந்த ஊரையும் நம்பாத மனுஷன், ஆலையிலேயே வாய் நிற்காத ஆள் என்று பெயரெடுத்த என்னை நம்பிவிட்டு நடந்துபோனார். நானும் இத்தனை வருஷம் அதை வெளியே விடவில்லை. அவர் என்னை ஏன் நம்பினார் என்று பலமுறை யோசித்துவிட்டேன். இன்னும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.